23 தடவை 'நோ' வாங்கின ஆல்பம்

முதல்லயே சொல்லிடறேன். எனக்கும் ராக் மியூசிக்குக்கும் ஸ்நானப்பிராப்தி கூடக் கிடையாது. கோவில்பட்டியில் பி.காம். படிச்ச காலத்தில் டீக்கடை ஸ்பீக்கரில் வந்த இளையராஜா தான் என் சங்கீதம். பேங்க் உத்தியோகம் பெங்களூருக்குத் தள்ளிக்கொண்டு வந்து, ஒக்கலிபுரத்தில் ரயில் சத்தத்துக்குப் பக்கத்தில் குடித்தனம் ஆன பிறகும் அதே கதை தான். இந்த ஊர் அரண்மனை மைதானத்துக்கு 2003-ல் ரோலிங் ஸ்டோன்ஸ், 2007-ல் அயர்ன் மெய்டன், 2011-ல் மெட்டாலிகா எல்லாம் வந்து வாசித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் டிராஃபிக் ஜாம் மட்டும் தான்.

2013-ல் ஒரு நாள் மதியம், லோன் கேட்டு ஒரு பெண் வந்தார். எங்க ஏரியா தமிழ்ப் பொண்ணு. சின்னப் பிள்ளைகளுக்கு கிட்டார் சொல்லிக் கொடுக்கிறாராம். தானே எழுதி, தானே கிட்டார் வாசித்துப் பாடி ஒரு ஆல்பம் போட ஒன்றரை லட்சம் வேண்டும் என்றார். ஐ.டி. ரிட்டர்ன்? இல்லை. சூரிட்டி? இல்லை.

"என்ன மாதிரி பாட்டும்மா, பக்தியா?"

"ஹார்ட் ராக் சார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பொம்பளைப் பிள்ளைங்க அதெல்லாம் வாசிப்பாங்களாம்மா?" என்று வேறு கேட்டு வைத்தேன். அவர் கோபப்படவில்லை. ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்தவர், "ஜோன் ஜெட்னு தேடிப் பாருங்க சார்" என்று மட்டும் சொன்னார். நானும் என் பங்குக்கு, "நகை இருந்தா கொண்டு வாங்க, கோல்டு லோன் போட்டுக்கலாம்" என்று சொல்லி அனுப்பினேன்.

அன்றைக்கு ராத்திரி தேடினேன். அப்போது படித்ததும் பிற்பாடு படித்ததும் தான் இந்தப் பதிவு.

ஜோன் ஜெட் 1958-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தவர். 13 வயதில் கிறிஸ்துமஸ் பரிசாக கிட்டார் கிடைத்தது. கற்றுக்கொள்ளப் போன இடத்தில் வாத்தியார், பெண்கள் ராக் வாசிப்பதில்லை என்று சொன்னாராம். ஒரே வகுப்போடு நின்றுவிட்டு, மிச்சத்தைத் தானே கற்றுக்கொண்டார். (இந்த வரியைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. அந்த வாத்தியாரும் நானும் ஒரே ஜாதி!)

1975-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் 'தி ரன்அவேஸ்' என்று முழுக்கப் பெண்களே வாசிக்கும் குழு. எல்லாரும் டீன்ஏஜ். 1977-ல் ஜப்பானில் அவர்களுக்கு ஏகப்பட்ட வரவேற்பு. சொந்த நாட்டிலோ கேலி தான் அதிகம். 1979-ல் குழு கலைந்தது. அதில் லீட் கிட்டார் வாசித்த லீட்டா ஃபோர்டும் பின்னால் தனியாகப் பாடி, வாசித்து ஆல்பங்கள் போட்டார். ஜோன் வாசித்தது ரிதம் கிட்டார்.

இந்த இடத்தில் ஒரு சின்ன சங்கீதப் பாடம். ஹார்ட் ராக்கின் ஆதாரம் 'பவர் கார்டு'. அதில் இருப்பது இரண்டே ஸ்வரம். நம்ம பாஷையில் சொன்னால் ச, ப. காந்தாரம் கிடையாது. சத்தத்தை வேண்டுமென்றே கரகரவென்று ஆக்கி வாசிக்கும்போது நடுவில் காந்தாரமும் சேர்ந்தால் குழம்பிவிடும்; ச-வும் ப-வும் மட்டும் என்றால் கெட்டியாக நிற்கும். யோசித்துப் பார்த்தால், கச்சேரியில் தம்புரா மீட்டும் அதே இரண்டு ஸ்வரம் தான். தம்புராவைப் பெண்கள் மீட்டினால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

நிற்க. ஆல்பத்துக்கு வருவோம்.

குழு உடைந்தபின் கென்னி லகுனா என்ற தயாரிப்பாளரோடு சேர்ந்து ஜோன் முதல் தனி ஆல்பத்தை முடித்தார். ஸ்டூடியோவுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. 'தி ஹூ' என்ற பெரிய ராக் குழு லண்டனில் இருந்த தங்கள் ஸ்டூடியோவைக் கொடுத்து, காசை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றது. ஈடு இல்லாத கடன்! 1980-ல் ஐரோப்பாவில் ஆல்பம் வந்தது. அமெரிக்காவில் 23 கம்பெனிகள் 'வேண்டாம்' என்றன.

அந்த 23 பேரையும் முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிட்டாரைப் பிடித்துக்கொண்டு, தானே பாடி, குழுவுக்குத் தலைமையும் தாங்கும் பெண்ணை வைத்துச் சம்பாதித்த கணக்கு அமெரிக்காவில் அவர்கள் கையில் இல்லை. பேஸ் கிட்டார் வாசித்துப் பாடிய சூசி குவாட்ரோ 1973-ல் முதலிடம் பிடித்தது கூட பிரிட்டனில் தான். முன்மாதிரி இல்லாத தொழிலுக்குப் பணம் வராது. பணம் வராததால் முன்மாதிரியும் வராது. என் டேபிளில் தினமும் சுற்றும் வட்டம் இது.

அந்த வட்டத்தை உடைத்தது லகுனாவின் சேமிப்பு. அந்தப் பணத்தில் 'பிளாக்ஹார்ட் ரெக்கார்ட்ஸ்' என்று சொந்தக் கம்பெனி ஆரம்பித்து, இசைத்தட்டைத் தாங்களே அச்சடித்தார்கள். கச்சேரி முடிந்ததும் லகுனாவின் கார் டிக்கியிலிருந்து எடுத்து விற்றார்கள். கேட்கிற அளவுக்கு அச்சடிக்க முடியாத நிலை வந்தபோது, போர்டுவாக் என்ற கம்பெனியின் நீல் போகார்ட் ஒப்பந்தம் போட்டார். 1981 ஜனவரியில் 'பேட் ரெப்யுடேஷன்' என்ற புதுப் பெயரோடு அதே ஆல்பம் மறுபடி வந்தது. 'கெட்ட பெயர்' என்று அர்த்தம். நான் பிறந்த வருஷமும் 1981 தான்.

அதே வருஷக் கடைசியில் அடுத்த ஆல்பம், 'ஐ லவ் ராக் அண்ட் ரோல்'. அந்தத் தலைப்புப் பாட்டு 'தி ஆரோஸ்' என்ற குழு 1975-ல் பாடியது. 1976-ல் இங்கிலாந்து போயிருந்தபோது டி.வி.யில் பார்த்து ஜோன் பிடித்துக்கொண்டது. 1979-லேயே ஒரு தடவை பதிவு செய்து பார்த்தார், எடுபடவில்லை. 1982-ல் அதே பாட்டு பில்போர்டு பட்டியலில் 7 வாரம் முதலிடம். 2015-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவமும் வந்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது இன்னொன்று. 2007-ல் 'கேர்ள் இன் எ கோமா' என்ற மூன்று பெண்கள் குழுவின் முதல் ஆல்பத்தை வெளியிட்டது அதே பிளாக்ஹார்ட் தான்.

நம்ம நாட்டில் யாரும் இல்லையா என்றால், ஷில்லாங்கில் 'சோல்மேட்' குழுவின் திப்ரிதி கர்பங்கர் இருக்கிறார். பாடுவார், கிட்டாரும் வாசிப்பார். ஹார்ட் ராக் இல்லை, அதற்குத் தாய்வீடான ப்ளூஸ். 2005-ல் 'ஷில்லாங்' என்று முதல் ஆல்பம், 2007-ல் மெம்பிஸில் நடந்த சர்வதேச ப்ளூஸ் போட்டி வரை போனார்கள்.

சரி, எங்க ஏரியாப் பொண்ணு?

மூன்றாம் நாள் வந்தார், அம்மாவோடு. அம்மா கையில் இருந்த இரண்டு வளையலைக் கழற்றி மேஜையில் வைத்தார். உரசிப் பார்த்து, எடை போட்டு, அரை மணியில் கோல்டு லோன் முடிந்தது. அவர் கேட்டதில் பாதி கூடத் தேறவில்லை. ஃபாரத்தில் 'கடன் எதற்காக' என்று ஒரு கட்டம் உண்டு. வழக்கம் போல 'குடும்பச் செலவு' என்று எழுதினேன். அவர் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

14 மாசத்தில் கடனை அடைத்து வளையலை மீட்டார். "ஆல்பம் வந்துச்சாம்மா?" என்று கேட்டேன். "மூணு பாட்டு தான் சார் முடிஞ்சுது" என்றார். ஒரு சி.டி. கொடுத்தார். வீட்டில் கேட்டேன். எனக்குப் புரிந்தது ச-வும் ப-வும் மட்டும் தான், ஆனால் கெட்டியாக நின்றது.

இப்போதும் கோல்டு லோன் ஃபாரத்தில் அந்தக் கட்டம் வரும்போது, எதிரில் இருப்பவரிடம் ஒரு தடவை கேட்டுவிட்டுத் தான் எழுதுகிறேன்.