தனியொருவரின் நூதனசாலை: ட்ரொலிவில்லின் எழுச்சியும் வீழ்ச்சியும்

தனியொருவரின் ஆர்வத்தினால் உருவாகும் சேகரிப்பு, அவரது ஆயுளின் பின்னர் எந்நிலையை அடைகின்றது என்பது வரலாற்று மாணவர் ஆராயவேண்டிய வினாவாகும். ட்ராம் வண்டிகளின் வரலாறு இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாக அமைகின்றது.

மின்சார ட்ராம் சேவை சென்னையில் 1895 இலும் கொழும்பில் 1899 இலும் ஆரம்பமாயிற்று. பஸ் வண்டிகள் பெருகியபோது, தண்டவாளங்களையும் மின்கம்பிகளையும் பேணும் செலவு பெருஞ்சுமையாயிற்று. சென்னைச் சேவை 1953 இலும், 1944 இல் மாநகரசபையின் கைக்கு மாறிய கொழும்புச் சேவை 1960 இலும் நின்றுபோயின. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் இதுவே நிகழ்ந்தது. ஒகையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரத் தெருக்களில் ஓடிய ட்ராம் சேவை 1954 சனவரியில் முடிவுற்றது.

அதே ஆண்டிலே, அந்நகருக்கு அணித்தான ஒல்ம்ஸ்டெட்டில் நடமாடும் வீடுகளைக் கொண்ட குடியிருப்பொன்றை நடத்திய ஜெரால்ட் புரூக்கின்ஸ், பழைய ட்ராம் வண்டிகளை வாங்கத் தொடங்கினார். தமது நிலத்திலே தண்டவாளமிட்டு, மேலே மின்கம்பி கட்டி, 1963 முதல் அவற்றை ஓடவும் வைத்தார். குடியிருப்பாளர் கடைக்குச் சென்றுவரவும் அவை பயன்பட்டன. ட்ரொலிவில் என வழங்கிய இந்நூதனசாலையிற் பழமை வெறுங் காட்சிப்பொருளாக நில்லாது, பயன்தரும் வாகனமாகவே வாழ்ந்தமை குறிப்பிடத்தக்கது.

ஆயினும், நிலம், பணம், ஆர்வம் ஆகிய மூன்றும் ஒருவரையே சார்ந்திருந்தமை இவ்வெழுச்சியுள் மறைந்திருந்த பலவீனமாகும். 1983 இல் புரூக்கின்ஸ் மறைந்தார். அவரின் பின் குடும்பத்தினர் அதனைத் தொடர்ந்து நடத்தினர். குடியிருப்பு நிலம் கைமாறியபோது வண்டிகள் தமக்குரிய இடத்தை இழந்தன. அவற்றைக் கிளீவ்லாந்து நகரின் ஏரிக்கரையில் ஓட்டுவதற்கு வகுத்த திட்டமும் கைகூடவில்லை. 2009 இல் அச்சேகரிப்பு விற்கப்பட்டுப் பல்வேறு நூதனசாலைகளுக்குப் பிரிந்து சென்றது.

தமிழகத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களின் கதை இதனின்றும் வேறுபட்டது. அவர் 1992 இல் மறைந்தபின், சிக்காகோப் பல்கலைக்கழகம் அந்நூற்றொகுதியைச் சிதறாது வாங்கியது. 1994 இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. ஓரிடத்திற் சேர்ந்திருத்தல் மாத்திரம் காப்பாகிவிடும் எனவும் கொள்ளமுடியாது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் பிரதியில்லாத ஏட்டுச்சுவடிகளும் அவற்றோடு அழிந்தன. இவ்வாறு நோக்குமிடத்து, ட்ரொலிவில்லின் வீழ்ச்சி முற்றான அழிவன்று. நூதனசாலை மறைந்தது, வண்டிகளோ பல கைகளிற் பிழைத்துக்கொண்டன.

சண்டிலிப்பாய் முதலிய யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் ஏடுகளையோ நாணயங்களையோ சேர்த்து வைத்திருப்போருக்கு இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றுண்டு. பொருள்களைப் பட்டியலிடுதல், பிரதியெடுத்து வேறிடத்தும் வைத்தல், அடுத்த பொறுப்பாளரைக் குறித்தல் ஆகிய மூன்றும் சேகரித்தவரின் வாழ்நாளிலேயே நிறைவேறவேண்டும். சேகரித்தவரோடு அவரது ஆர்வமும் மறையலாம். ஏற்பாடு நிலைத்திருப்பின் சேகரிப்பு மறையாது.