ஒன்பது நாள் ரோடும் ஏழு வருஷ ரோடும்

2004 அக்டோபரில் எங்கள் பக்கத்து ஐ-15 ஃப்ரீவேயை மூடினார்கள். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து லாஸ் வேகாஸ் காரில் போனவர்களுக்கு டெவோர் தெரிந்திருக்கும். தினமும் ஒரு லட்சத்துக்கு மேல் வண்டிகள். லாரி ஓடி ஓடி கான்கிரீட் எல்லாம் விரிசல். ராத்திரி மட்டும் வேலை பார்த்தால் 10 மாதம் ஆகும் என்று கணக்கு. அதனால் ஒரு திசையை முழுசாக மூடி, இரண்டு திசை வண்டிகளையும் எதிர்ப்பக்கத்திலேயே விட்டு, இரவு பகலாக உடைத்து வார்த்தார்கள். 12 மணி நேரத்தில் வண்டி தாங்கும் கான்கிரீட். சுமார் 4.5 கிலோமீட்டர், ஒரு பக்கத்துக்கு 210 மணி நேரம். அதாவது, ஏறக்குறைய ஒன்பது நாள்.

ஆபீசுக்கு லேட்டாகிறது என்று புலம்பிக்கொண்டே அப்பாவுக்கு போன் செய்தேன். அவர் சிரித்தார். "ஒன்பது நாளா? நம்ம ரோட்டுக்கு ஏழு வருஷம் ஆச்சுப்பா" என்றார்.

நம்ம ரோடு என்றால் ஆலுவா - மூணாறு ரோடு. நாங்கள் பள்ளிவாசல் எஸ்டேட் லயத்தில் வளர்ந்த குடும்பம். தாத்தா திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறியவர். அவர் வந்த காலத்தில் ஆலுவா ரோடு பள்ளிவாசல் வழியாக வரவே இல்லை! கோதமங்கலம், தட்டேக்காடு, குட்டம்புழை, பூயம்குட்டி, மாங்குளம் என்று காட்டுக்குள் சுற்றி மூணாறு வந்தது. இன்றைக்கும் அதை ராஜபாதை என்கிறார்கள்.

1924 ஜூலையில் மழை பிடித்தது. மலையாள வருஷம் 1099 என்பதால் 'தொண்ணூற்றி ஒன்பதிலே வெள்ளம்' என்று கேரளத்தில் இன்றும் பேசுவார்கள். கரிந்திரி மலையே சரிந்து ராஜபாதையைக் கொண்டுபோயிற்று. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் போன குண்டளவேலி ரயிலும் காலி. (1902-ல் மாடு இழுத்த மோனோரயில், 1908-ல் நாரோகேஜ். மூணாறில் டீ கம்பெனி ஆபீசாகப் பார்த்திருப்பீர்களே, அதுதான் பழைய ஸ்டேஷன்.) ரயிலை மறுபடி போடவேயில்லை.

திருவிதாங்கூர் சர்க்காரும் பழைய ரோட்டைக் கைவிட்டது. மலை போன இடத்தில் எதைச் செப்பனிடுவது? நேரியமங்கலம், அடிமாலி, பள்ளிவாசல் என்று தெற்கே தள்ளிப் புது ரோடு வெட்டி 1931-ல் திறந்தார்கள். நேரியமங்கலத்தில் பெரியாற்றின் மேல் வளைவுப் பாலம் வந்தது 1935 மார்ச்சில்தான். சித்திரைத் திருநாள் மகாராஜா திறந்தார்.

அந்த ஏழு வருஷம் மூணாறு எப்படிப் பிழைத்தது? அப்பா சொன்ன பதில் ஒரே வார்த்தை: போடி. டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் அடிவாரம், அங்கிருந்து போடிநாயக்கனூர். 1928-ல் போடிக்கு ரயிலும் வந்துவிட்டது. மேற்கே கதவு சாத்தியபோது ஊர் கிழக்கே பார்த்து மூச்சுவிட்டது.

புது ரோடு எங்கள் ஊரின் தலையெழுத்தையே மாற்றிவிட்டது. 1940-ல் பள்ளிவாசலில் கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. பழைய ரோட்டிலேயே திருப்பிக் கட்டியிருந்தால் இத்தனை சுலபமாக வந்திருக்குமா என்பது என் சந்தேகம். ஆனால் மாங்குளம், குட்டம்புழைக்காரர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். அவர்கள் ஊர் வழியாகப் போன ராஜபாதை காட்டோடு போய்விட்டது. அதைத் திறக்கச் சொல்லி இன்றும் கேட்கிறார்கள். காட்டில் யானை இருக்கிறது, வனத்துறை இருக்கிறது. அவ்வளவு லேசில்லை.

என் மகள் கேட்டாள், "இங்க மாதிரி அங்கயும் கான்கிரீட் போட்டா என்னப்பா?" கான்கிரீட் ரோடு ஒரு பெரிய பலகை மாதிரி. அடியில் உள்ள படுகை அசையாமல் இருந்தால் பல வருஷம் தாங்கும். அடியில் தண்ணீர் புகுந்து மண் அரித்தால், பலகைக்கு அடியில் பள்ளம் விழுந்து உடைந்துவிடும். டெவோரில் அடிப்படுகையையும் சேர்த்துத்தான் புதுசாகப் போட்டார்கள். பள்ளிவாசலில் படுகையே மலைச்சரிவு. மழைக்கு அந்தச் சரிவே நகர்ந்தால் மேலே எதைப் போட்டு என்ன?

இன்னொரு வித்தியாசமும் உண்டு. டெவோரில் வண்டிகளைத் திருப்பிவிட எதிர்ப்பக்கம் இருந்தது. முன்கூட்டியே அறிவித்ததால் பலர் வேறு வழியில் போனார்கள். எங்களுக்கு எதிர்ப்பக்கம் என்றால் அதலபாதாளம்! 2018 ஆகஸ்ட் மழையில் பள்ளிவாசலில் ரோடு சரிந்து மூணாறு தனித்தீவானபோது ஒரு வாரம் இங்கே எனக்குத் தூக்கமில்லை. போனும் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் அது தேசிய நெடுஞ்சாலை, இப்போதைய எண் 85.

கிழக்கே போடிமெட்டு வரை 42 கிலோமீட்டரை அகலப்படுத்தும் வேலை 2017-ல் ஆரம்பித்தது. கேப் ரோட்டில் பாறையை வெட்ட வெட்ட 2019-லும் 2020-லும் மலை இறங்கியது. 2024 ஜனவரியில்தான் திறப்பு விழா. கணக்குப் போட்டேன். அதுவும் ஏழு வருஷம்.

அப்பாவிடம் சொன்னேன். "அது இருக்கட்டும், நீ ஜூலையில டிக்கெட் போடாதே" என்றார். டிசம்பருக்குப் போட்டிருக்கிறேன், மதுரை வழியாக.