ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றுதல்: ஜீவனஹள்ளிச் சூழலில்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றுதல் என்பது, கிளட்ச் பெடல் இல்லாத பல கார்களின் கியர்பாக்ஸில் உள்ள ஏ.டி.எஃப். எனப்படும் ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயில் நிரப்பும் பராமரிப்பு வேலை. பற்சக்கரங்கள் தேயாமல் காப்பது இந்த ஆயிலின் வேலைகளில் ஒன்றுதான். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில் விசையைக் கடத்துவதும், கிளட்ச் பிளேட்டுகளை அழுத்திப் பிடிப்பதும், வெப்பத்தை வெளியே கொண்டுபோவதும் இதுவே. 1939இல் ஹைட்ராமேட்டிக் கியர்பாக்ஸை அறிமுகப்படுத்திய ஜெனரல் மோட்டார்ஸ், 1949இல் இதற்கென்றே 'டைப் ஏ' என்ற தனித் தரத்தை வகுத்தது. இத்தனை வேலை செய்யும் ஆயில் காலப்போக்கில் தளர்ந்தே தீரும். எப்போது மாற்றுவது என்பதைக் கிலோமீட்டரை மட்டும் பார்த்து முடிவு செய்வது பெருநகரக் கார்களுக்குப் பொருந்தாது.

கிழக்கு பெங்களூரில் காக்ஸ் டவுனை ஒட்டிய ஜீவனஹள்ளியில் ஓடும் ஒரு காரை எடுத்துக்கொள்வோம். போக்குவரத்து நெரிசலை அளக்கும் டாம்டாம் நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி, பெங்களூரு நகர மையத்தில் 10 கி.மீ. கடக்கச் சராசரியாக 29 நிமிடங்களுக்கு மேல் ஆனது. அந்த வேகத்தில் 40,000 கி.மீ. ஓட ஏறத்தாழ 1,900 மணி நேரம் பிடிக்கும். நெடுஞ்சாலையில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அதே தூரத்துக்கு 670 மணி நேரம் போதும். மீட்டர் காட்டும் எண் ஒன்றுதான். நகரத்துக் காரின் கியர்பாக்ஸோ ஏறத்தாழ மூன்று மடங்கு நேரம் உழைத்திருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரின் மிதமான காற்று இதை ஓரளவே ஈடுகட்டும். நின்று நின்று நகரும்போது டார்க் கன்வெர்ட்டருக்குள் ஏற்படும் நழுவலே வெப்பத்தை உண்டாக்குகிறது. வெப்பம் ஆயிலை ஆக்சிஜனேற்றம் அடையச் செய்து, அதில் கலந்துள்ள வேதிச் சேர்மானங்களைச் சிதைக்கிறது. பல சர்வீஸ் கையேடுகள் இத்தகைய ஓட்டத்தைக் கடும் பயன்பாடு என்று தனியாகக் குறிப்பிட்டு, இடைவெளியைக் குறைக்கச் சொல்வது இதனால்தான்.

'கியர்பாக்ஸின் ஆயுள் முழுவதும் இந்த ஆயிலே போதும் என்று கார் நிறுவனமே சொல்கிறதே' என்பது முதல் மறுப்பு. ஆனால் கியர்பாக்ஸ் தயாரிக்கும் இசட்.எஃப். நிறுவனத்தின் சர்வீஸ் பிரிவு, தன் கியர்பாக்ஸ்களுக்கு 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது அதிகபட்சம் 8 ஆண்டுகளில் ஆயில் மாற்றும்படி பரிந்துரைத்திருக்கிறது. கியர்பாக்ஸைச் செய்தவரின் பரிந்துரைக்கே கூடுதல் எடை தரவேண்டும். 'பழைய கியர்பாக்ஸில் புது ஆயில் ஊற்றினால் கெட்டுப்போகும்' என்பது இரண்டாவது மறுப்பு. ஆயில் கறுத்து, கருகிய நாற்றம் வீசி, கியர் ஏற்கெனவே நழுவுகிறது என்றால், தேய்ந்திருப்பது கிளட்ச் பிளேட். அதைப் புது ஆயில் கெடுக்கவும் இல்லை, குணப்படுத்தவும் போவதில்லை. அந்த நிலை வருவதற்கு முன்பே மாற்றவேண்டும் என்பதற்கு இந்த அச்சமே சான்று.

உரிமையாளர் தாமே செய்வதற்கு ஏற்றது, டிரெயின் பிளக் வழியே வடித்து, வடிந்த அளவே நிரப்பும் முறை. டார்க் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கும் ஆயில் இதில் வராது. ஒருமுறைக்கு 40 விழுக்காடு வடிகிறது என்று கொண்டால், முதல் முறைக்குப் பின் பழையது 60 விழுக்காடும், இரண்டாவதற்குப் பின் 36 விழுக்காடும், மூன்றாவதற்குப் பின் சுமார் 22 விழுக்காடும் எஞ்சும். இடையில் சில நாள் ஓட்டி மூன்று முறை செய்தால், மெஷின் வைத்து அழுத்தத்தில் கழுவாமலேயே பெரும்பகுதி புதிதாகிவிடும். ஆயில் கையேடு சொல்லும் தரத்தில்தான் இருக்கவேண்டும்: பல டொயோட்டா கார்களுக்கு டபிள்யூ.எஸ்., பல ஹூண்டாய் கார்களுக்கு எஸ்.பி.-4, ஹோண்டா சிட்டியின் சி.வி.டி. வகைக் கியர்பாக்ஸுக்கு எச்.சி.எஃப்.-2. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஆகாது. டிப்ஸ்டிக் இல்லாத கார்களில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கையில், வழியும் துளையைத் திறந்து அளவு பார்க்கிறார்கள். பல மாடல்களில் அது ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ். முன்பக்கத்தை மட்டும் தூக்கிவைத்தால் அளவு தவறும். நான்கு பக்கமும் ஜாக் ஸ்டாண்டில் சமமாக நிற்கவேண்டும். வெறும் ஜாக்கை நம்பிக் காருக்கு அடியில் போகவே கூடாது. ஆகவே சரிவான, நெரிசலான தெரு இந்த வேலைக்கு உகந்த இடமல்ல. சமதளமான கான்கிரீட் தரை வேண்டும்.

எல்லா வண்டிகளுக்கும் இந்த முறை செல்லாது. 2014இல் மாருதி சுசூகி செலேரியோவில் வந்த ஏ.எம்.டி., மேனுவல் கியர்பாக்ஸின் மீது பொருத்திய இயக்கி. அதன் ஆயில் வேறு, கணக்கும் வேறு. இரட்டை கிளட்ச் வண்டிகளையும், வாரண்டியில் உள்ளவற்றையும் சர்வீஸ் சென்டரிடமே விடுவது நல்லது. வடித்த ஆயில் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வருகிறது. ராஜகாலுவே எனப்படும் மழைநீர்க் கால்வாய்கள் பெங்களூரின் ஏரிகளுக்கே போய்ச் சேர்வதால், பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றுவது ஊர்த் தண்ணீரில் ஊற்றுவதற்குச் சமம். மூடியுள்ள கேனில் சேர்த்து, அதை முறையாக மறுசுழற்சிக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுக்கவேண்டும். சரியான ஆயில், சரியான அளவு, பாதுகாப்பான தரை, முறையான அகற்றல் ஆகிய நான்கில் ஒன்றை உறுதிசெய்ய முடியாவிட்டாலும், வேலையை மெக்கானிக்கிடம் கொடுங்கள். மாற்றாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.