சைக்கிளை விட்டு இறங்கச் சொன்ன காலமும் நம்ம கோயில் பந்தியும்



கோயிலுக்கு வரும் அன்பர்களே, இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். வேலை முடிஞ்சு உட்கார்ந்து நிதானமா படிங்க. வீட்டுல பெரியவங்க இருந்தா வாசிச்சுக் காட்டுங்க. அவங்களுக்கு நம்மைவிட அதிகம் தெரிஞ்சிருக்கும்.

போன ஆடி வெள்ளியன்று அன்னதானத்தில் நடந்ததைச் சிலர் பார்த்திருப்பீர்கள். நேப்பாளத் தம்பிகள் நாலு பேர் வந்தார்கள். செருப்பை வெளியே விட்டு, கால் கழுவி, அம்மனைக் கும்பிட்டு, திருநீறும் பூசிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். தொண்டர்களாகிய எங்களில் ஒருவர், "பங்ளாக்காரனுங்க எல்லாம் அப்புறம், முதல்ல நம்ம ஆளுங்க சாப்பிடட்டும்" என்று சொல்லி அவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். அவர்கள் பங்ளாதேஷ்காரர்கள்கூட இல்லை. இருந்திருந்தால் மட்டும் சரியா என்பது வேறு கேள்வி. தமிழ் தெரியாவிட்டாலும் கை காட்டிய விதத்திலேயே அவர்களுக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் நின்றார்கள். அப்புறம் பார்த்தால் ஆளைக் காணோம். சாப்பிடாமலே போய்விட்டார்கள்.

அன்று பந்தியில் தோட்டத்துப் பாட்டி ஒருவர் உட்கார்ந்திருந்தார். எண்பது வயதைத் தாண்டியவர். பால்வெட்டு வேலையிலேயே ஓய்வு பெற்றவர். கை கழுவிவிட்டு எங்களிடம் வந்து அவர் சொன்னது இதுதான்: "எங்கப்பாவ சைக்கிள விட்டு எறங்கச் சொன்னானுங்க. நீங்க இந்தப் புள்ளைங்கள வரிசைய விட்டு எறங்கச் சொல்றீங்க."

சைக்கிள் என்ன கதை என்று எங்களில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். ஜப்பான்காரன் போய் வெள்ளைக்காரன் திரும்பி வந்த சமயம், அவருக்கு ஏழெட்டு வயது. அப்பா சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் ஒரு பழைய சைக்கிள் வாங்கினார். டவுனுக்குப் போகும்போது மகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொள்வார். துரை பங்களா தெரிய ஆரம்பித்ததும் இறங்கி, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடப்பார். பங்களா மறைந்த பிறகுதான் மறுபடி ஏறுவார். எதிரே கிராணி வந்தாலும் அதே கதைதான். "ஏம்ப்பா எறங்கினே?"ன்னு கேட்டா பதில் சொல்ல மாட்டாராம்.

இதைக் கேட்ட பிறகு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. தெரிந்தவர்களிடம் கேட்டோம், பழைய புத்தகங்களைப் புரட்டினோம். அப்படித் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறோம்.

இந்தச் சைக்கிள் விஷயம் மலாயாத் தொழிலாளர் வரலாற்றிலேயே பதிவாகியிருக்கிறது. நம்ம போர்டிக்சன் கடற்கரையை ஒட்டி வடக்கே போனால் சிலாங்கூரில் கிள்ளான். 1941ஆம் ஆண்டு அங்கே தோட்டத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னால் நின்றது கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம். அதன் தலைவர்களில் முக்கியமானவர் ஆர்.எச்.நாதன். தமிழ் நேசன் பத்திரிகையில் வேலை பார்த்தவர். (1924ல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019ல் நின்றுபோனது, நம்மில் பலர் வாங்கிப் படித்ததுதான்.)

அவர்களுடைய கோரிக்கைப் பட்டியலைப் படித்தால் மனசு கனக்கும். ஒரே வேலைக்குச் சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு. எங்கள் பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்து. அடித்து உதைக்கும் கிராணிகளை மாற்று. பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் வேண்டும், மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடையை மூடு. சொந்தக்காரர்கள் எங்களைப் பார்க்கத் தோட்டத்துக்குள் வர விடு. குறை சொன்னவனைப் பழிவாங்காதே. இவற்றோடு சேர்த்து இன்னொன்றும் கேட்டார்கள்: துரை முன்னாலும் கிராணி முன்னாலும் சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி வேண்டும்.

அரை வயிற்றுக் கூலிக்குப் போராடியவர்கள் சைக்கிளை எதற்குப் பட்டியலில் சேர்த்தார்கள்? கூலி குறைந்தால் பசிதான். சைக்கிளை விட்டு இறங்கினால், பெற்ற பிள்ளை பார்க்க, நான் உனக்குக் கீழே என்று தினமும் ஒப்புக்கொள்வது மாதிரி. பாட்டியின் அப்பா பதில் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும் என்று நாங்கள் நினைக்கிறோம்.

கூலி விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். ஆண் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 50 காசு என்று இருந்ததை 1938ல் 45 காசாகக் குறைத்தார்கள். பெண்களுக்கு அதைவிடக் குறைவு. அந்த வருடம் ஜூன் மாதம், இனிமேல் மலாயாத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்கு ஆள் அனுப்ப மாட்டோம் என்று இந்திய அரசாங்கமே நிறுத்திவிட்டது. அதே கித்தா மரம், அதே உளி, அதே மங்கு. ஆனால் வெட்டுகிறவன் எந்த இனம் என்று பார்த்துக் கூலி. தமிழன் சொன்னதைக் கேட்பான், குறைவாகக் கொடுத்தாலும் கிடப்பான் என்று முதலாளிகள் முடிவு கட்டியிருந்தார்கள். சீனர்கள் பெரும்பாலும் குத்தகைக்காரரின் கீழ் வேலை செய்ததால், கட்டுப்படி ஆகவில்லை என்றால் வேறு இடம் போய்விடுவார்கள். நம்மவர்களுக்கு வீடு, கடை, பள்ளிக்கூடம், ஆயாக் கொட்டகை, கோயில் எல்லாமே தோட்டத்துக்குள். எங்கே போவார்கள்?

1941 மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள். தொழிலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். சிலாங்கூரில் அவசரகாலம் அறிவித்து, பட்டாளத்தை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. நாதனைப் பிடித்து இந்தியாவுக்கே அனுப்பிவிட்டார்கள். அந்த வருடக் கடைசியில் ஜப்பான்காரன் வந்துவிட்டான்.

அதன் பிறகு சயாம் மரண ரயில். நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்தும் லயத்து ஆண்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை அது. நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். இன்றைக்குத் தாய்லாந்தில் காஞ்சனபுரிக்குப் போனால் வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்கு அழகான மயானம் இருக்கிறது. சுமார் 7,000 கல்லறைகள். பெரும்பாலானவற்றில் பெயர் வெட்டியிருக்கிறார்கள். அதே பாதையில் அவர்களைவிட அதிகமாகச் செத்த ஆசியத் தொழிலாளிகளுக்கு அப்படிப் பெயர் வெட்டிய கல் இல்லை. நம்ம ஊரில் எத்தனையோ வீடுகளில் இன்றும் திதி கொடுக்க நாள் தெரியாது. அமாவாசை பார்த்துக் கொடுக்கிறார்கள்.

இப்போது நம்ம கோயிலுக்கு வருகிறோம். லிங்கி, சுவா பெத்தோங், தானா மேரா, ஜிமா என்று இந்தப் பக்கம் எந்தத் தோட்டத்தை எடுத்தாலும் லயத்துக்குப் பக்கத்தில் ஒரு மாரியம்மன், எல்லையில் ஒரு முனீஸ்வரர் இருப்பார்கள். தொழிலாளி தன் சம்பளத்தில் பிடித்துக் கொடுத்த காசில் எழும்பிய கோயில்கள். துரை வாய்வார்த்தையாகச் சரி என்றான், கட்டினார்கள். பட்டா கேட்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? படுத்துத் தூங்கிய வீடே அவர்களுடையது இல்லை. பலருக்குக் குடியுரிமைக் காகிதமே இல்லை, சிவப்பு அடையாளக் கார்டோடு காலத்தை ஓட்டினார்கள். 1960களின் கடைசியில் வேலை பெர்மிட் சட்டம் வந்தபோது ஆயிரக்கணக்கானோர் பிறந்து வளர்ந்த தோட்டத்தை விட்டுக் கப்பல் ஏறினார்கள்.

அப்புறம் தோட்டங்கள் கைமாறின. கித்தா போய்ச் செம்பனை வந்தது, சில இடங்களில் வீடமைப்பு வந்தது. நிலத்துச் சொந்தக்காரர் மாறியதும், எத்தனையோ வருஷமாக விளக்கு எரிந்த கோயில் ஒரே நாளில் "சட்டவிரோதக் கோயில்" ஆகிவிட்டது. 2007ல், தீபாவளிக்குச் சில நாள் முன்பு ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயிலை உடைத்தது நினைவிருக்கும். அந்த நவம்பர் 25ல் ஆயிரக்கணக்கான தமிழர்கள் கோலாலம்பூர் வீதிக்கு வந்தார்கள். இன்றைக்கும் சமூக ஊடகங்களில் "ஹராம் கோயில்" என்று சிலர் எழுதும்போது நமக்கு வயிறு எரிகிறது. காகிதம் ஏன் இல்லை என்ற கதை அவர்களுக்குத் தெரியாது. அந்தக் கதையை நாமும் யாருக்கும் சொன்னதில்லை.

"கெலிங்" என்ற வார்த்தையும் அப்படித்தான். ஒரு காலத்தில் அது கலிங்கத்திலிருந்தும் தென்னாட்டிலிருந்தும் வந்த வணிகர்களைக் குறித்த சாதாரணப் பெயர். பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்றும் அந்தப் பெயரோடு கம்பீரமாக நிற்கிறது. கூலிக்காரனைப் பார்த்து எகத்தாளமாகச் சொல்லிச் சொல்லி அதே வார்த்தை வசவாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டு அழுதுகொண்டு வந்த பிள்ளைகள் நம்ம ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. ஒரு வார்த்தை எப்படிக் கெட்டுப்போகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படியிருந்தும் "பங்ளா" என்று நாம் சொல்லும் தொனியை ஒருமுறை காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

கசப்பான இன்னொன்றும் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு பொய்யாகிவிடும். கங்காணி ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்தபோது சாதியும் கூடவே கப்பல் ஏறியது. பல தோட்டங்களில் ஆதிதிராவிடர்களுக்குத் தனி லயம். கோயிலுக்கு உழைப்பும் காசும் கொடுத்தவர்கள் திருவிழா அன்று வெளியே நின்று கும்பிட்டார்கள். துரை முன்னால் எல்லாரும் சைக்கிளை விட்டு இறங்கினோம். லயத்துக்குள் வந்ததும் நாமே இன்னொருவனை இறங்கச் சொன்னோம். அந்தக் கிராணிகளும் வெள்ளைக்காரர்கள் இல்லை. நம்மைப் போலவே கடல் கடந்து வந்த மலையாளிகளும் இலங்கைத் தமிழர்களும்தான் அவர்களில் அதிகம். 2011ல் ‘இந்தர்லோக்’ என்ற மலாய் நாவல் பள்ளிப் பாடமாக வந்தபோது, அதில் நம்மைச் சாதிப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறது என்று நாடே கொந்தளித்தது, கடைசியில் அந்தப் புத்தகத்தைத் திரும்பப் பெற்றார்கள். கோபப்பட்டது நியாயம்தான். ஆனால் அந்த வார்த்தையை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் யார்? நம்ம தாத்தாமார்தான்.

இது எந்த இனத்தையும் குறை சொல்ல எழுதியது இல்லை. தோட்டத்தில் கஷ்டப்பட்டபோது உதவிய மலாய்க் கம்பத்துக்காரர்களையும், கடன் சொன்னால் முகம் சுளிக்காமல் அரிசி கொடுத்த சீனக் கடைக்காரர்களையும் பற்றி நம்ம பெரியவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். நம்ம தாத்தா பாட்டி தூங்கிய லயத்தில் இன்றைக்கு வேறு நாட்டுப் பிள்ளைகள் படுத்திருக்கிறார்கள். நாம் வெட்டிய இடத்தில் அவர்கள் செம்பனைக் குலை அறுக்கிறார்கள். அவர்களும் ஏஜெண்டுக்குக் கடன்பட்டு வந்தவர்கள். பலருக்குப் பாஸ்போர்ட்கூடக் கையில் இல்லை. கங்காணி காலத்துக் கதையை மறுபடி பார்க்கிற மாதிரி இருக்கிறது. அவர்கள் நம்ம கோயில் வாசலுக்கு வந்தால் நாம் யாராக நிற்கப் போகிறோம், பாட்டியின் அப்பாவாகவா, கிராணியாகவா?

அன்று தள்ளி நிற்கச் சொன்ன தொண்டர் நல்ல மனிதர். பாட்டி சொன்னதைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டார். அவரும் இன்னும் இரண்டு பேரும் அந்தத் தம்பிகள் வேலை செய்யும் இடத்தைத் தேடிப் போனார்கள். நாலு பேரில் ஒருவரை மட்டும்தான் பார்க்க முடிந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டு, திரும்ப வரச் சொல்லிவிட்டு வந்தார்கள். சிரித்தாராம். இன்னும் வரவில்லை. வருவார்களா என்று எங்களுக்குத் தெரியாது.

அதனால் தொண்டர்கள் எல்லாரும் பேசிச் சில முடிவுகள் எடுத்திருக்கிறோம். இனி அன்னதானத்தில் ஒரே வரிசைதான். முதலில் வந்தவர் முதலில் சாப்பிடுவார். வயதானவர்களுக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் மட்டும் முன்னுரிமை. "நம்ம ஆளு" என்ற பேச்சு பந்தியில் வேண்டாம். அம்மன் முன்னால் கை கூப்பியவர் எல்லாரும் நம்ம ஆளுதான்.

இன்னொரு வேண்டுகோள். உங்க வீட்டுல பழைய தோட்டத்துச் சம்பளச் சீட்டு, கோயில் வரி ரசீது, திருவிழா நோட்டீஸ், லயத்து முன்னால எடுத்த படம், பழைய சிவப்பு கார்டு ஏதாவது இருந்தா எறிஞ்சிடாதீங்க. கோயில் அலுவலகத்துக்குக் கொண்டு வாங்க. படம் எடுத்துக்கிட்டு உடனே திருப்பிக் கொடுத்துடுவோம். இந்தக் கோயில் எப்ப, யாரு காசுல எழும்பிச்சுன்னு நாளைக்கு யாராவது கேட்டா, காட்ட நம்ம கையில ஏதாவது இருக்கணும். பெரியவங்களுக்குப் பழைய கதை ஞாபகம் இருந்தா ஃபோனில் பதிவு பண்ணி அனுப்புங்க. பாட்டி தன் கதையைப் பதிவு பண்ணச் சம்மதிச்சுட்டாங்க. ஒரே ஒரு நிபந்தனை போட்டாங்க, அப்பா பேரை முழுசாச் சொல்லணுமாம்.

வரும் வெள்ளிக்கிழமை வழக்கம்போல் பூஜை முடிந்ததும் அன்னதானம். காய்கறி நறுக்க ஆள் தேவைப்படுகிறது, மதியமே வரமுடிந்தவர்கள் வாங்க. தெரிந்த வெளிநாட்டுத் தொழிலாளிகள் யாராவது இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு வாங்க.

அம்மன் எல்லாரையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
கோயில் தொண்டர்கள், போர்டிக்சன்