நெருஞ்சி முள் போன வழி

கல்லடி மணலில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு நெருஞ்சியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அதுவே காலில் ஏறி அறிமுகமாகிவிடும். சலக்கடுப்பென்று போனால், அந்தச் செடியைத்தான் பிடுங்கி அவித்துக் குடிக்கச் சொல்வார் பரியாரியார்.

இதன் மஞ்சள் பூவையும் பின்னால் வரும் முள்ளையும் குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லை காதலனின் குணத்துக்கு உவமையாக்கிவிட்டார். ஆயுர்வேதம் கோக்ஷுரம் என்று தசமூலத்தில் சேர்த்துக்கொண்டது. கிரேக்கருக்கு இது ‘ட்ரிபோலோஸ்’. எப்படி எறிந்தாலும் ஒரு முனை மேலே நிற்கும் இரும்பு முள்ளைப் படைவீரர்கள் குதிரைகளின் வழியில் தூவினார்கள். அந்த நகலுக்கும் அதே பெயர்தான். 1753இல் லின்னேயஸ் வைத்த ‘ட்ரிபுலஸ்’ அதன் மிச்சம்.

அமெரிக்காவுக்கு இது செம்மறியாட்டு மயிரில் ஒட்டிக்கொண்டு போனதாகச் சொல்வார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் தென்பட்டது. தண்டவாளம் போன இடமெல்லாம் போய், சைக்கிள் ரியூப்புகளின் பரம எதிரியானது. 1961இல் இதைத் தின்னவென்றே இரண்டு வகைக் கூன்வண்டுகளை இறக்குமதி செய்தார்கள். இருபது ஆண்டு கழித்துப் பல்கேரியாவில் நெருஞ்சி ‘டிரிபெஸ்தான்’ மாத்திரையாகி, உடற்பயிற்சிக் கூடங்களுக்குள்ளும் புகுந்தது. ஆண்மைச் சுரப்பு கூடும் என்ற விளம்பரத்தைப் பெரும்பாலான சோதனைகள் ஆதரிக்கவில்லை. விற்பனை அதற்காக நிற்கவுமில்லை.

சலக்கடுப்பைத் தரும் கிருமியும் சும்மா இருக்கவில்லை. புதுடில்லி மருத்துவமனையில் இருந்துவிட்டு 2008இல் சுவீடன் திரும்பிய ஒருவரின் சிறுநீரில், கடைசிக் கையிருப்பான கார்பபெனெம் மருந்துகளையே சிதைக்கும் நொதியோடு ஒரு பற்றீரியா அகப்பட்டது. நொதிக்கு டில்லியின் பெயரையே வைத்தார்கள். டில்லிக்கு வந்த கோபம் தனிக்கதை. அதே 2008இல் ஈராக் நெருஞ்சியின் சாறுகள் சிறுநீர்த்தொற்றின் முதற்குற்றவாளியான ஈ.கோலை உட்படப் பல கிருமிகளைத் தடுத்ததாக ஓர் ஆய்வு வெளிவந்தது.

இப்படியான சோதனைகள் பல நடப்பது ஏகார் தட்டில். நோன்பு காலத்தில் காத்தான்குடி வீடுகளில் காய்ச்சும் அதே கடற்பாசிதான். யாவாவில் வாழ்ந்த அயலவரிடம் கற்ற இந்தச் சமையல் சாமானை, 1881இல் ஆய்வுகூடத்துக்குச் சிபாரிசு செய்தவர் ஃபன்னி ஹெஸ்ஸே. கிருமி பரப்பிய பாசியில் குழி வெட்டிச் சாற்றை விடுவார்கள். மறுநாள் குழியைச் சுற்றி வெற்று வட்டம் இருந்தால் சந்தோஷம்.

எனக்கு அந்த வட்டத்தில் பாதிச் சந்தோஷம்தான். பரியாரியார் நெருஞ்சியிடம் கேட்டது சலத்தைப் பெருக்கித் தரும்படி. கிருமியைக் கொல்லும்படி அல்ல. குடித்த கஷாயம் குடலையும் ஈரலையும் தாண்டிச் சிறுநீர்ப்பைக்கு எவ்வளவு சேரும் என்பதைத் தட்டு சொல்லாது. காய்ச்சலும் விலாநோவும் சேர்ந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும்.

இன்னொரு சிக்கல் கடையில். யானை நெருஞ்சில் என்று வேறு குடும்பத்துச் செடி ஒன்று உண்டு. அதுவும் சலக்கடுப்புக்கே, அதுவும் நெருஞ்சில் என்றே விலைபோகும். பச்சையாகக் கிடைத்தால் பிரச்சினையில்லை: யானை நெருஞ்சிலின் ஒரு கொப்பைத் தண்ணீரில் கலக்கினால், தண்ணீர் முட்டை வெள்ளைக்கருபோலக் கொழகொழத்துவிடும். காய்ந்து பொட்டலத்துக்குள் வந்துவிட்டால் காயைத்தான் பார்க்கவேண்டும். சின்ன நெருஞ்சியின் காய் ஐந்து துண்டாக உடையும். யானைக்கு நான்கு மூலையிலும் ஒவ்வொரு முள்.