உறிஞ்சும் வாயும் உருளும் தூரிகையும்

ரத்தினக் கம்பளம் விரித்து வரவேற்பது என்று ஒரு வழக்கு நம் மொழியில் உண்டு. கம்பளம் என்றவுடனே செல்வம், விருந்து, மரியாதை ஆகிய எண்ணங்கள் நம் உள்ளத்தில் எழுகின்றன. ஆனால் விருந்தினர் விடைபெற்றுச் சென்ற மறுநாள், அக்கம்பளத்தில் படிந்த புழுதியை எவ்வாறு போக்குவது? இந்தச் சிறிய கேள்விக்கு விடை காணப் பொறியியல் வல்லுநர்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக உழைத்திருக்கிறார்கள். அவர்கள் இரு கட்சியாகவும் பிரிந்திருக்கிறார்கள். காற்றால் உறிஞ்சினாலே போதும் என்பது ஒரு கட்சி. உறிஞ்சுவதோடு தூரிகையாலும் அடிக்க வேண்டும் என்பது மற்றொரு கட்சி. இந்த வழக்கின் வரலாற்றை நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் ஓர் ஐயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் வீடுகளில் விரிக்கும் பவானி ஜமக்காளத்தைச் சுத்தம் செய்ய யந்திரம் எதுவும் வேண்டியதில்லை. இருவர் ஆளுக்கு இரண்டு முனைகளைப் பிடித்து நான்கு முறை உதறினால் தூசி பறந்துவிடும். அது தட்டையான நெசவு. முடிச்சுக் கம்பளத்தின் அமைப்போ வேறு. பாவு நூல்களின்மேல் ஆயிரக்கணக்கான முடிச்சுகளை இட்டு, அவற்றின் நுனிகளைச் சீராக வெட்டி விடுகிறார்கள். அந்நுனிகள் புல்வெளி போல் நிமிர்ந்து நிற்கின்றன. கனமான தூசியும் மணலும் அப்புல்லின் வேர் வரை இறங்கிவிடுகின்றன. மணற்பொடிக்குக் கூரிய விளிம்புகள் உண்டு. நாம் கம்பளத்தின்மேல் நடக்கும் ஒவ்வொரு முறையும் அப்பொடி அரம் போல இழைகளின் அடியை அராவுகிறது. ஆகையால் கம்பளத்தின் தூசியைப் போக்குவது அழகுக்காக மட்டும் அன்று. அதன் ஆயுளுக்காகவும் ஆகும்.

பழங்காலத்தில் இதற்கு ஒரே வழிதான் இருந்தது. கம்பளத்தைச் சுருட்டி முற்றத்துக்குச் சுமந்து சென்று, கயிற்றில் தொங்கவிட்டுப் பிரம்பால் அடிப்பார்கள். கை வலிக்கும்; அடித்தவரின் மூக்கிலும் தொண்டையிலும் பாதித் தூசி புகுந்துவிடும். இத்துன்பத்தைக் குறைக்க அமெரிக்காவில் பலர் முயன்றனர். 1860-இல் அயோவா மாநிலத்து டேனியல் ஹெஸ் என்பவர் துருத்தியையும் தூரிகையையும் இணைத்து ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1869-இல் சிகாகோ நகரத்து ஐவ்ஸ் மெகாஃபி என்பவர் கையால் சுழற்றும் விசிறியைக் கொண்டு ஒரு கருவியை அமைத்தார். 1876-இல் கிராண்ட் ராபிட்ஸ் நகரத்து மெல்வில் பிஸ்ஸெல், தள்ளும்போது தூரிகை உருளும் பெட்டி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். இவற்றுள் பிஸ்ஸெலின் பெட்டிதான் பெரிய வியாபாரமாக வளர்ந்தது. ஆயினும் அதில் உறிஞ்சும் காற்று இல்லை. மேலே கிடந்த குப்பையை அது வாரிக்கொண்டது. வேரில் இறங்கிய மணலை எடுக்க அதற்கு வலிமை போதவில்லை.

உறிஞ்சும் கட்சியின் முதல்வர் என்று போற்றத்தக்கவர் ஹியூபர்ட் செசில் பூத் என்ற ஆங்கிலப் பொறியாளர் ஆவார். பாலங்களையும் கேளிக்கைப் பூங்காக்களின் ராட்சத ராட்டினங்களையும் வடிவமைத்தவர் அவர். லண்டனில் ஓர் அரங்கில், காற்றை ஊதித் தூசியைக் கிளப்பும் அமெரிக்கக் கருவி ஒன்றைக் கண்டார். ஊதுவதற்குப் பதிலாக உறிஞ்சலாமே என்று அவர் கேட்டபோது, அது இயலாத காரியம் என்று விடை வந்தது. பூத் அதை ஏற்கவில்லை. உணவு விடுதி ஒன்றில் மெத்தை நாற்காலியின்மேல் கைக்குட்டையை விரித்து, அதன்மீது வாயை வைத்து மூச்சை இழுத்தார். தொண்டை அடைத்து இருமினார். ஆனால் கைக்குட்டையின் அடிப்புறத்தில் கரிய தூசி வட்டமாகப் படிந்திருந்தது. 1901-இல் அவர் காப்புரிமை பெற்ற யந்திரம் இந்த ஒரு மூச்சில் பிறந்ததே.

அந்த யந்திரம் வீட்டுக்குள் நுழையக்கூடிய அளவினது அன்று. குதிரை இழுக்கும் வண்டியில் எண்ணெய் எஞ்சினோடு தெருவில் வந்து நிற்கும். நீண்ட குழாய்களைப் பணியாளர்கள் ஜன்னல் வழியே உள்ளே கொண்டுசெல்வார்கள். 1902-இல் ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவையொட்டி, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் கம்பளங்களை இந்த யந்திரம் சுத்தம் செய்தது. அதனால் அதன் புகழ் பரவியது. அந்தக் குழாயின் முனையில் தூரிகை உருளவில்லை, தடி அடிக்கவில்லை என்பதை நேயர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கம்பளத்தின்மேல் வைத்து இழுக்கும் குறுகிய வாய் ஒன்றே இருந்தது. அந்த வாய்தான் இன்று நாம் பேசும் பொருள்.

இந்த வாய் எவ்வாறு வேலை செய்கிறது? இளநீரில் குழலை வைத்து உறிஞ்சும்போது நாமே நீரை மேலே இழுப்பதாக எண்ணுகிறோம். உண்மையில் வாய்க்குள் காற்றழுத்தம் குறைகிறது. வெளியிலுள்ள வளிமண்டலம் நீரை மேலே தள்ளுகிறது. தூசி உறிஞ்சும் யந்திரத்திலும் அதே செயல்தான் நிகழ்கிறது. வளிமண்டலம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மீதும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையளவு அழுத்துகிறது. வீட்டு யந்திரத்தின் விசிறி அந்த அழுத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்க வல்லது. அந்தக் குறைவை நிரப்ப விரையும் காற்றே தூசியைச் சுமந்து செல்கிறது.

இங்கேதான் கம்பள வாயை அமைப்பவருக்குச் சோதனை எழுகிறது. வாய் கம்பளத்தோடு முற்றிலும் ஒட்டிக்கொண்டால் காற்று நுழைய வழி இராது. காற்று ஓடாவிட்டால் தூசியும் ஓடாது. தள்ளுபவரின் கையும் சோர்ந்துவிடும். வாய் உயர்ந்து நின்றாலோ, காற்று பக்கங்களிலிருந்து எளிதாகப் புகுந்துவிடும். இழைகளின் அடியைத் தீண்டாது. இவ்விரண்டுக்கும் நடுவே, காற்று இழைகளின் ஊடே புகுந்து வரும்படியாகப் பிளவின் அகலத்தையும் உதட்டின் வளைவையும் அமைக்க வேண்டும். எளிய உலோகத் துண்டு போல் தோன்றும் இந்த வாயில் அத்தனை நுட்பம் அடங்கியிருக்கிறது.

இனி எதிர்க்கட்சியின் கதைக்கு வருவோம். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்துக் கேன்டன் நகரில், ஜேம்ஸ் மரே ஸ்பாங்க்ளர் என்பவர் ஓர் அங்காடியில் துப்புரவுப் பணி செய்துவந்தார். அவருக்கு ஆஸ்துமா நோய். கம்பளத்தைப் பெருக்கும்போது எழும் தூசியால் மூச்சுத் திணறினார். மின்விசிறி மோட்டார், ஒரு பெட்டி, ஒரு தலையணை உறை ஆகியவற்றைக் கொண்டு 1907-இல் தாமே ஒரு கருவியைச் செய்தார். வாயின் முன்னே சுழலும் தூரிகை ஒன்றையும் பொருத்தினார். 1908-இல் காப்புரிமை கிடைத்தது. தோல் பொருள் வியாபாரியான வில்லியம் ஹூவர் அதனை வாங்கிப் பெருந்தொழிலாக்கினார். 1926-இல் ஹூவர் நிறுவனம் தூரிகையோடு உலோகத் தண்டுகளையும் உருளையில் அமைத்தது. காற்று கம்பளத்தைச் சற்றே மேலே தூக்க, தண்டு அதைத் தட்ட, வேரில் இருந்த மணல் குலுங்கி வெளியேறியது. முற்றத்தில் பிரம்பால் அடித்த பழைய முறை இவ்வாறு யந்திரத்துக்குள் குடிபுகுந்தது எனலாம்.

உறிஞ்சும் கட்சி இதனால் தோற்றுவிடவில்லை. 1921-இல் ஸ்வீடன் நாட்டு எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனம் ஐந்தாம் மாதிரி என்ற யந்திரத்தை வெளியிட்டது. உருளை வடிவான உடல் சறுக்குக் கட்டைகளின்மேல் தரையில் இழுபட்டு வரும். நெளியும் குழாயின் முனையில் வாய் மட்டும் கையில் இருக்கும். கட்டிலின் அடியிலும் மாடிப்படியிலும் அது தாராளமாக நுழைந்தது. வேலைக்கு ஏற்ப வாயை மாற்றிக்கொள்ளலாம் என்பதும் அதன் சிறப்பு.

இரு கட்சிகளும் வெவ்வேறு நிலப்பகுதிகளில் வேரூன்றியதற்குத் தக்க காரணம் உண்டு. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜார்ஜியா மாநிலத்து டால்டன் வட்டாரத்தில் ஊசிகளால் இழை குத்தும் கம்பளத் தொழில் பெருகியது. அமெரிக்க வீடுகளில் சுவர் முதல் சுவர் வரை கம்பளம் பரவியது. சுருட்டி எடுத்து உதற இயலாத அக்கம்பளத்துக்கு உருளும் தூரிகை பெருந்துணை ஆயிற்று. ஐரோப்பியக் கண்டத்தில் பல வீடுகளில் மரத்தரையும் கல்தரையும், அவற்றின் நடுவே சிறு கம்பளங்களும் இருந்தன. அங்கே உறிஞ்சும் வாயே பொருத்தமாயிற்று.

எந்த வாய் சிறந்தது என்று என்னைக் கேட்டால் மூன்றைச் சொல்வேன். முதலாவது, பழைய உருளை யந்திரங்களோடு வந்த, முற்றிலும் உலோகத்தால் ஆன வாய். அதன் அடித்தகடு வழுவழுப்பானது. இழைகளின்மேல் வழுக்கிச் செல்லும். உடையும் பாகம் எதுவும் அதில் இல்லை. இரண்டாவது, பிளவின் இருபுறமும் ஒரே திசையில் படிந்த மயிர்த்துணிப் பட்டையை உடைய வாய். நூலும் தலைமயிரும் அப்பட்டையில் சிக்கித் திரளும். பின்னர்க் காற்று அவற்றை வாரிச் செல்லும். மூன்றாவது, காலால் மிதித்தால் தூரிகை இறங்கித் தரைக்கும், மீண்டும் மிதித்தால் தூரிகை ஏறிக் கம்பளத்துக்கும் உதவும் இருவகை வாய். பழைய யந்திரமாயினும் புதிய யந்திரமாயினும் குழாயின் விட்டம் பொருந்தினால் இவற்றை மாற்றி இடலாம்.

நடுநிலையோடு பேசினால், உறிஞ்சும் வாய்க்குக் குறையும் உண்டு. அடர்ந்த செயற்கை இழைக் கம்பளத்தில் அழுந்திய மணலை எடுப்பதில் தூரிகையே வல்லது. ஆனால் கையால் முடிச்சிட்ட கம்பளத்தின் நிலை வேறு. அக்பர் ஆக்ராவிலும் லாகூரிலும் கம்பளத் தொழிற்கூடங்களை நிறுவிய நாள் முதல் இன்றைய காசுமீரம், பதோஹி, மிர்சாப்பூர் வரை இக்கலை நம் நாட்டின் பெருமையாக விளங்குகிறது. நுண்ணிய காசுமீரக் கம்பளத்தில் ஒரு சதுர அங்குலத்துக்குள் பல நூறு முடிச்சுகள் இருக்கும். அதன் ஓரத்தில் தொங்கும் குஞ்சம் வெறும் அலங்காரம் அன்று. கம்பளத்தைத் தாங்கும் பாவு நூலின் நுனியே அது. உருளும் தூரிகை குஞ்சத்தைச் சுற்றி இழுத்தால் நூல் அறும். ஓர முடிச்சுகள் தளரும். நெசவாளர் பல மாதம் விரல் நோக இட்ட முடிச்சுகளை ஓர் அவசர நொடி குலைத்துவிடக்கூடும். இதனாலேயே கம்பளி இழையும் நீண்ட இழையும் கொண்ட கம்பளங்களுக்கு உறிஞ்சும் வாயையே பயன்படுத்துமாறு உற்பத்தியாளர் பலர் அறிவுறுத்துகின்றனர். அருங்காட்சியகங்களிலோ இன்னும் கூடுதலான எச்சரிக்கை உண்டு. பழந்துணியின்மேல் மெல்லிய வலையை விரித்து, உறிஞ்சும் வேகத்தைக் குறைத்து, வலையின் மேலிருந்தே தூசியை எடுக்கிறார்கள். பூத் அன்று விரித்த கைக்குட்டையை இது நினைவூட்டவில்லையா?

அண்மைக் கால வரலாறும் இந்த வாயின் அருமையை உணர்த்துகிறது. யந்திரத்தின் வாட் அளவு பெருகப் பெருகச் சுத்தமும் பெருகும் என்று மக்கள் நெடுநாள் நம்பினர். ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பரில் 1,600 வாட் என்றும், 2017 செப்டம்பரில் 900 வாட் என்றும் வரம்பு விதித்தது. மோட்டாரைப் பெருக்கும் வழி அடைபட்டதால், குறைந்த மின்சாரத்தில் நிறைந்த பயன் தரும்படி விசிறியையும் காற்றுப் பாதையையும் வாயையும் செம்மைப்படுத்த வேண்டியதாயிற்று. வலிமையைவிட அமைப்பே பெரிது என்ற பாடத்தைச் சட்டம் கற்பித்தது.

நம் நாட்டில் 1982-இல் ஃபோர்ப்ஸ் நிறுவனமும் ஸ்வீடன் எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனமும் கூடித் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ், வீடு வீடாக ஆட்களை அனுப்பி இந்த யந்திரத்தை அறிமுகப்படுத்தியது. யந்திரம் வந்ததால் இல்லத்தரசியின் உழைப்பு ஒழிந்ததா என்பது மற்றொரு கேள்வி. அமெரிக்க வரலாற்றறிஞர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் வெளியிட்ட நூலில் இதனை ஆராய்ந்தார். முன்பு கம்பளத்தைச் சுமந்து சென்று அடிக்கும் வேலையில் ஆடவரும் பிள்ளைகளும் பணியாட்களும் பங்கு கொண்டனர். யந்திரம் வந்தபின் அவ்வேலை பெண் ஒருத்தியின் தலையில் வாரந்தோறும் விழுந்தது என்பதே அவர் காட்டிய உண்மை. தள்ளுவதற்கு எளிதான வாய் யார் கைக்கும் ஏற்றது. ஆதலால் அதை ஏந்தும் முறையை வீட்டிலுள்ள அனைவரும் பகிர்ந்துகொள்ளலாம்.

நல்ல கம்பளம் உடையோர் சில விதிகளைக் கைக்கொண்டால் போதும். இழை படிந்திருக்கும் திசையிலேயே வாயை இழுக்க வேண்டும். விரைந்து தேய்க்காமல் மெதுவாக நகர்த்த வேண்டும். காற்றுக்கு வேலை செய்ய அவகாசம் வேண்டும் அன்றோ? வாய் கம்பளத்தைக் கவ்விக்கொண்டால் கைப்பிடியிலுள்ள சிறு திறப்பைத் திறந்து வேகத்தைத் தணிக்க வேண்டும். குஞ்சத்துக்கு முன்பே நின்றுவிட வேண்டும்.

விடுதியில் இருமிய பூத்தும், அங்காடியில் திணறிய ஸ்பாங்க்ளரும் ஒரே தூசியால் துன்புற்றவர்கள். ஒருவர் மூச்சை நம்பினார். மற்றவர் தூரிகையையும் சேர்த்துக்கொண்டார். இருவருக்கும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் விலைமதிப்பற்ற முடிச்சுக் கம்பளம் ஒன்று உங்கள் இல்லத்தில் இருக்குமாயின், தூரிகையை நிறுத்திவிட்டு, பூத் காட்டிய வழியில் வெறும் காற்றையே அதன்மேல் அனுப்புங்கள். நெசவாளரின் விரல்களுக்கு நாம் செய்யும் மரியாதை அதுவே.