நிபுணர்களிடம் அம்பேத்கர் மாற்றிக் கேட்ட கேள்வி

அம்பேத்கர் என்றதும் நமக்கு அரசியல் சட்டம் நினைவுக்கு வரும். அணைக்கட்டு நினைவுக்கு வராது. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அவர் தொழிலாளர் துறை உறுப்பினர். பாசனமும் மின்சாரமும் அந்தத் துறையிடம்தான் இருந்தன.

1943இல் தாமோதர் ஆறு கரையை உடைத்தது. ரயில் பாதை போனது, கல்கத்தா துண்டிக்கப்பட்டது. போர்க்காலம் என்பதால் அரசு விழித்துக்கொண்டது; குடிசைகள் மட்டும் போயிருந்தால் விழித்திருக்குமா என்பது வேறு விஷயம். அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தில் பணியாற்றிய வூர்டுவின் என்ற பொறியாளர் ஆலோசனைக்காக வரவழைக்கப்பட்டார். பிறகு அவரது அறிக்கை வந்தது.

1945 நவம்பரில் ஒரிசாவின் ஆறுகள் குறித்துக் கட்டாக்கில் கூடிய மாநாட்டில் அம்பேத்கர் பேசியதுதான் முக்கியம். முந்தைய நிபுணர் குழுக்கள் வெள்ளத்தை எப்படித் தொலைப்பது என்றே ஆராய்ந்தன. பார்வையே தவறு என்றார் அவர். மிகுந்த நீரால் மனிதர் படும் துன்பத்தைவிட நீர் இல்லாமல் படும் துன்பமே அதிகம். ஆகவே தேக்கி வையுங்கள், பாசனமும் மின்சாரமும் படகுப் போக்குவரத்தும் கிடைக்கும் என்றார். நிபுணர்கள் திறமையற்றவர்கள் அல்ல. அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி குறுகலானது. ஒவ்வொரு முறையும் வெளியாரைத் தேடாமல் அரசுக்கே தொழில்நுட்ப அறிவு இருக்க வேண்டும் என்று, மின்சாரத்துக்கும் நீர்வழிகளுக்கும் தனித்தனி மத்திய அமைப்புகள் உருவானதும் அவர் காலத்தில்தான்.

1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் பிறந்தது. 1953க்கும் 1959க்கும் இடையே திலையா, கோனார், மைத்தான், பஞ்சேட் அணைகள் எழுந்தன. நீரில் மூழ்கிய ஊர்களில் சந்தால்கள் நிறையப் பேர். எத்தனை கன அடி என்று கணக்கிட்ட அளவுக்கு, எழுந்து போகிறவர்கள் எங்கே போவார்கள் என்று யாரும் கணக்கிடவில்லை. அம்பேத்கர் அரசை விட்டுப் போன பிறகும் அந்தக் கேள்வி அப்படியே கிடந்தது.

இன்றும் பெரிய திட்டம் வந்தால் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை எழுதுவது ஆலோசனை நிறுவனம். அதற்குக் கூலி கொடுப்பது திட்டத்தைக் கொண்டுவருபவரே. ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அப்படியொரு அறிக்கையைப் புரட்டினேன். ஊரின் கோயில், குளம், பள்ளிக்கூடம் எல்லாம் வரைபடத்தில் இருந்தன. சேரி இருந்த இடத்தில் “தரிசு” என்று போட்டிருந்தது. எங்களோடு வந்திருந்த பாட்டி எழுந்து மைக்கைக் கேட்டார்: “அப்போ நான் எங்கே குடியிருக்கேன், தம்பி?”